ஈந்த உறுப்பும் ஏற்ற உடலும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, வழக்கம்போல இலக்கியப் பொருளொன்றைப் பற்றி எழுதித் தருவதாகவே யாம் ஒப்புக்கொண்டிருந்தோம். அங்ஙனமிருந்தும், தமிழாசிரியர் ஒருவர்க்குச் சிறிதும் உரியதன்று எனச் சிலர் கருதக்கூடிய பொருளொன்றை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு.

எம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை எம் இல்லம் வந்தார். ஆறாண்டுகளுக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப்போக, அவர்தம் தமக்கையார் தம்முடையவற்றுள் ஒன்றை ஈந்து அவரை வாழ்வித்தார். அவர் இப்பொழுது தொழில் பார்த்து, இல்லறம் நடத்தி, நலமாகவே இருக்கின்றார். தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் இடையில் மணிக்கூட்டை நோக்கினார். சட்டைப்பையிலிருந்து சிறு பெட்டியொன்றை எடுத்து, மாத்திரைகளை விழுங்கினார். பின்னர்ச் சற்று வெட்கத்துடன் எம்மைப் பார்த்து, "ஐயா, அக்கா தந்த சிறுநீரகம் ஆறு ஆண்டுகளாக என்னுள் இருக்கின்றது. இன்னுமா என் உடல் அதைத் தன்னதென்று ஏற்றுக்கொள்ளவில்லை? மாத்திரையை நிறுத்திவிட்டும் சிலர் நலமாக வாழ்கின்றார்களாமே. நானும் நிறுத்திப் பார்த்தால் என்ன?" என்றார்.

"தம்பி, உம்முடைய வைத்தியரைக் கேளாமல் ஒருவேளை மாத்திரையையேனும் விட்டுவிடாதேயும்" என்பதே அன்று யாம் சொன்னது. சொன்னது சரியே. ஆயினும், அவர் கேட்ட வினாவுக்கு அது விடையன்று என்பதை அவரும் அறிவார், யாமும் அறிவோம். கேட்ட வினாவுக்கு விடை தெரியாமல் மாணவனை அனுப்பிவிட்ட ஆசிரியருக்கு அன்றிரவு உறக்கம் வருவதில்லை. எமது கல்லூரியின் பழைய மாணவர்களுள் வைத்தியத் துறையில் உள்ள சிலரை நாடி, அவர்கள் தந்த நூல்களையும் கட்டுரைகளையும் எமக்கு எட்டிய அளவிற் படித்து, விளங்காதவிடத்து மீண்டும் அவர்களிடமே சென்று கேட்டு, யாம் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகின்றோம். பிழை காணும் வைத்திய அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க.

பொறுத்தல் என்னும் சொல் வந்துவிட்டமையால், தமிழாசிரியர் என்ற முறையிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உடல் நோய்க்கிருமிகளை எதிர்த்துத் தன்னைக் காக்கும் ஆற்றலுக்கு நம் நாட்டுப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று பெயரிட்டன. பீடனம் என்பது துன்பம். நிர் என்பது இன்மை. தமிழகத்தார் நோயெதிர்ப்பாற்றல் என்பர். அந்த ஆற்றல் ஓர் அயற்பொருளைக் கண்டும் அதனைத் தாக்காது விட்டுவைக்கும் நிலைக்குச் சிலர் சகிப்பு என்றும் சிலர் தாங்குதிறன் என்றும் எழுதுகின்றனர். எமக்கோ, வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குப் பெயராக்கிய பொறை என்ற சொல்லே இதற்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. பொறை என்பதற்குச் சுமை என்றும் பொருள். பிறர் குற்றம் கண்டும் வெகுளாமை என்றும் பொருள். அயலார் உறுப்பொன்றைச் சுமந்தும் அதன்மேல் வெகுளாதிருக்கும் உடலுக்கு இதனினும் நல்ல சொல் எங்கே கிடைக்கும்?

இனிப் பொருளுக்கு வருவோம். நம் உடலின் கலங்கள் தம் மேற்பரப்பிற் சில புரதங்களை அடையாளமாகத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் தலையாயவை எச்.எல்.ஏ. எனப்படும் தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் ஆறாம் நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்திருத்தலால், பெரும்பாலும் ஒரே கட்டாகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. தாயிடம் இரண்டு கட்டு, தந்தையிடம் இரண்டு கட்டு. பிள்ளைக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. ஆகவே, உடன்பிறந்தார் இருவர் இரு கட்டாலும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இரு கட்டாலும் வேறுபட்டிருக்கவும் நான்கில் ஒரு வாய்ப்பு. எஞ்சிய இரண்டு பங்கு, ஒரு கட்டில் ஒத்து மற்றொன்றில் வேறுபடுவதற்கு உரியது. எம் மாணவரும் அவர் தமக்கையாரும் இம்மூன்றாம் வகையினர். ஒரு வயிற்றிற் பிறந்தாலும் உடலின் காவலர்களுக்கு அது போதாது. ரீ நிணநீர்க்குழியங்கள் என்னும் அக்காவலர்கள் வேறுபட்ட கட்டைக் கண்டவுடனே 'அயலான்' என்று முழங்கிப் போருக்கு எழுகின்றன.

இவ்வுண்மை வெளிப்பட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆகும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வைத்தியசாலையில், தீயால் வெந்த பெண்ணொருத்திக்கு அவளுடைய சகோதரனின் தோலிலிருந்து சிறு துண்டுகள் எடுத்து ஒட்டப்பட்டன. அவை சில நாட்கள் ஒட்டியிருந்து அழிந்தன. மீண்டும் அதே சகோதரனின் தோலை ஒட்டியபோது அது முன்னையிலும் விரைவாக அழிந்தது. கிப்சன் என்னும் சத்திரவைத்தியரும் மெடவார் என்னும் விலங்கியலாளரும் 1943 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். இரண்டாம் முறை விரைந்து அழிந்தது ஏன்? உடல் முதன்முறை கண்டதை நினைவில் வைத்திருந்தது; ஆகவே இது நிர்ப்பீடனத்தின் செயலே என அவர்கள் கண்டனர்.

பொறையின் வரலாறோ மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகின்றது. 1945 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து றே ஓவன் என்பவர், இரட்டைக் கன்றுகளின் குருதியைச் சோதித்தபோது, ஒவ்வொரு கன்றினுள்ளும் தன் குருதிக்கலங்களோடு தன் இணைக்கன்றின் குருதிக்கலங்களும் கலந்து, வளர்ந்த பின்னரும் குடியிருப்பதைக் கண்டார். கருப்பையில் இருக்கும்போதே இரண்டின் குருதிக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையே இதன் காரணம். சில ஆண்டுகளின் பின், ஒருகரு இரட்டைக் கன்றுகளையும் இருகரு இரட்டைக் கன்றுகளையும் பிரித்தறியத் தோலொட்டுச் சோதனை போதும் என்று மெடவார் நம்பிச் சோதித்தார். இருகருக் கன்றுகளும் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொள்ளவே, அவர் திகைத்துப்போனார். ஓவன் எழுதியதை அறிந்த பின்னரே அத்திகைப்பு நீங்கியது. 1953 இல் அவரும் பிலிங்ஹாம், பிரென்ற் என்னும் அவர்தம் துணைவரும், ஓரின எலியின் கருக்குஞ்சுகளுக்கு வேறோர் இனத்தின் கலங்களை ஏற்றினர். அக்குஞ்சுகள் பிறந்து வளர்ந்தபின் அவ்வேற்றினத் தோலை ஒட்டியபோது அது அழியாது வாழ்ந்தது. கபில நிற எலியின் முதுகில் வெண்ணிறத் தோல் தழைத்து மயிர் விட்டது. அதன்பின் அவர்கள் செய்த சோதனையே எம்மை மிகவும் கவர்ந்தது. அவ்வெலிக்கு, அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் பொறை பயிலாத வேறோர் எலியின் நிணநீர்க்கணுக் கலங்களை ஏற்றினர்; நெடுநாள் வாழ்ந்த வெண்தோல் அழிந்தொழிந்தது. தோல் மாறவில்லை, காவலர் மாறினர். பொறை என்பது ஈந்த உறுப்பின் குணமன்று. ஏற்ற உடலின் குணம் என்பது இதனாற் போதருகின்றது. மெடவாருக்கும் அவுஸ்திரேலியரான பேர்ணெற்றுக்கும் 1960 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரில் முதல் வெற்றி இச்சிக்கல் தோன்றாத இடத்திலேயே கிடைத்தது. 1954 திசெம்பர் 23 ஆம் நாள் பொஸ்ரன் நகரில், யோசப் மறே என்னும் சத்திரவைத்தியர், றொனால்ட் ஹெறிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய ஒருகரு இரட்டையரான றிச்சாட்டுக்குப் பொருத்தினார். முன்னதாக ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டி, அது வாழ்வதைக் கண்டே துணிந்தனர். றிச்சாட் எட்டாண்டுகள் வாழ்ந்தார். தம்மைப் பராமரித்த தாதியையே மணந்தும் கொண்டார். ஆயினும் ஒருகரு இரட்டையர் எத்தனை பேருக்கு வாய்ப்பர்? ஏனையோருக்கு மருந்தே வழி. அறுபதுகளின் தொடக்கத்தில் அசதியோபிறினும், பின்னர் நோர்வே மேட்டுநிலத்து மண்ணிற் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து சைக்கிளோஸ்போறினும், 1984 இல் யப்பானின் சுக்குபா மலையடி மண்ணிலிருந்து ரக்றோலிமசும் கிடைத்தன. எம் மாணவரின் பெட்டியில் இருப்பது இந்த ரக்றோலிமசே. மண்ணிலே பிறந்த மருந்து மனிதனை மண்ணுக்குப் போகவிடாது தடுக்கின்றது.

ஆனால் இம்மருந்துகள் பகைவனையும் நண்பனையும் வேறு பிரித்துப் பாரா. காவலர் அனைவரையுமே சோர்வுறச் செய்கின்றன. ஆகவே தொற்றுநோய் எளிதில் அணுகுகின்றது. சில வகைப் புற்றுநோய்களும் நீரிழிவும் மிகுகின்றன. இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. சைக்கிளோஸ்போறினும் ரக்றோலிமசும் நெடுங்காலம் உட்கொள்ளப்படின், எந்தச் சிறுநீரகத்தைக் காக்க அவற்றை உண்கின்றோமோ அச்சிறுநீரகத்துக்கே ஊறு செய்யக்கூடியன. ஆகவேதான், "நிறுத்திப் பார்த்தால் என்ன?" என்ற வினாவை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. உலகின் பெரிய வைத்தியசாலைகளிலும் இதே வினாவையே கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

வினாவின் உள்முடிச்சு யாது? எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். ஆசிரியர் பிரம்புடன் நிற்கும்போது வகுப்பு அமைதியாய் இருக்கின்றது. அவ்வமைதி பிரம்பால் வந்ததோ, மாணவரின் நற்பண்பால் வந்ததோ? ஆசிரியர் உள்ளே நிற்குமளவும் அறிதல் அரிது. வெளியே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால், இந்த வகுப்பில் மேசை ஒருமுறை உடைந்தால் மறுமேசை கிடையாது. மருந்தே பிரம்பு, சிறுநீரகமே மேசை. மருந்தை நிறுத்தாமலே வகுப்பின் மனத்தை அறிய வழியுண்டா என்பதே ஆராய்ச்சியாளரின் கேள்வி.

இன்று வைத்தியசாலைகளில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனைகள் பெரும்பாலும் மேசை உடைந்ததா என்று பார்ப்பவையே. குருதியில் கிரியற்றினின் அளவு கூடுமாயின் சிறுநீரகம் தளர்கின்றது என்பது பொருள். அதற்குள் கேடு பெரிதும் நிகழ்ந்துவிட்டிருக்கும். எரிந்த கூரையின் புகையைக் கண்டு தீயை அறிவதை ஒக்கும். ஊசியாற் சிறுநீரகத்திலிருந்து நூலளவான இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பது இதனினும் நுட்பமானது. அதனைப் படிக்கும் முறையை 1991 இல் கனடாவின் பான்வ் நகரிற் கூடிய வல்லுநர் வகுத்தனர். ஆயினும் குருதி பெருகும் அச்சம் உண்டாதலின் அதனை மாதந்தோறும் செய்தல் இயலாது. குருதியில் மருந்தின் அளவைப் பார்ப்பது வேறொன்று. அது பிரம்பின் நீளத்தை அளப்பதேயன்றி மாணவர் மனத்தை அளப்பதன்று.

பிறபொருளெதிரிச் சோதனை முன்னரே எச்சரிக்கும் இயல்பினது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பட்டேலும் தெறசாக்கியும் 1969 இல் வெளியிட்ட கணக்கு எளிதில் மறக்கத்தக்கதன்று. ஈவோரின் கலங்களைத் தாக்கும் எதிரிகள் முன்னமே குருதியில் இருந்தோர் 30 பேரில் 24 பேருக்குப் பொருத்திய சிறுநீரகம் உடனே செயலற்றது. அவ்வெதிரிகள் இல்லாத 195 பேரில் 8 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. இன்று சத்திரசிகிச்சைக்கு முன் மட்டுமன்றிப் பின்னரும், புதிதாய் எதிரிகள் தோன்றினவா எனப் பார்க்கின்றனர். மாத்திரையை ஒழுங்கின்றி உண்பவரிடத்தே இவை தோன்றுதல் மிகுதி.

அண்மைக் காலத்து வந்த சோதனையொன்று எமக்கு வியப்பளித்தது. கலம் ஒன்று இறக்கும்போது அதனுள் இருந்த டீ.என்.ஏ. துண்டுகள் குருதியிற் சிதறுகின்றன. ஆணின் உறுப்பைப் பெற்ற பெண்களின் குருதிநீரில் ஆணுக்கே உரிய டீ.என்.ஏ. மிதப்பதை, ஹொங்கொங் நகரத்து டெனிஸ் லோ என்பவரும் அவர் குழுவினரும் 1998 இல் காட்டினர். இதைப் பின்பற்றி, ஏற்றவர் குருதியில் மிதக்கும் டீ.என்.ஏ.யில் ஈந்தவருடையது எத்துணைப் பங்கு என்று இன்று அளக்கின்றனர். சிறுநீரகத்தில் அது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுமாயின் ஐயுறுகின்றனர். எம் மாணவரின் கையில் ஊசி குத்தி எடுக்கும் குருதியில் அவர் அக்காவின் டீ.என்.ஏ.யும் ஓடுகின்றது! ஆயினும் இதுவும் உறுப்புக்கு ஊறு நேர்ந்ததைச் சொல்லுமேயன்றி, ஊறு நேராதது பொறையாலா மருந்தாலா என்று சொல்லாது. யப்பானில் 1997 இல் கண்டறியப்பட்ட ரீ.ரீ. வைரசு என்னும் தீங்கற்ற வைரசு நம்முட் பெரும்பாலோரின் குருதியில் உண்டு. காவல் தளருந்தோறும் அது பெருகும். அதன் தொகையை எண்ணிக் காவல் எவ்வளவு தளர்ந்துள்ளது என மதிப்பிடவும் முயல்கின்றனர். வேண்டாத விருந்தாளியையும் அளவுகோலாக்கிவிட்டனர்.

இனி, மருந்தின்றி வாழ்வோரைப் பற்றி. அத்தகையோர் உண்டு என்பது மெய்யே. ஓராண்டேனும் அதற்கு மேலேனும் மருந்தின்றி உறுப்பு நன்கு இயங்கின், அதனைச் செயல்நிலைப் பொறை என்பர். சிறுநீரகம் பெற்றோருள் இவர் மிக அரியர். இவருட் பலர் வைத்தியர் சொற்படி நிறுத்தியவரல்லர். தாமே விட்டவர் சிலர். புற்றுநோய் முதலிய காரணங்களால் வேறு வழியின்றி நிறுத்தப்பட்டவர் சிலர். நிறுத்திவிட்டுச் சிறுநீரகத்தை இழந்தவர் இக்கணக்கில் வாரார். கரை சேர்ந்தவரை மட்டும் கேட்டால், ஆறு ஆழமில்லை என்றுதானே சொல்வர்!

இவ்வரியவரின் குருதியைப் படித்து, பொறையின் கையொப்பம் ஏதேனும் உண்டா என்று தேடினர். பிரான்சின் நாந்த் நகரக் குழுவினர் 2007 இல் 49 பரம்பரையலகுகளின் தொகுதியொன்றை வெளியிட்டனர். 2010 இல் அமெரிக்கக் குழுவொன்று பொறையுற்ற 25 பேரையும் மருந்துண்ணும் 33 பேரையும் ஒப்பிட்டு, பொறையுற்றோரின் குருதியில் பீ நிணநீர்க்குழியங்களுக்குரிய அலகுகள் மூன்று மிகுந்து தொழிற்படுவதைக் கண்டது. அதே ஆண்டில் ஐரோப்பியக் குழுவொன்றும் தனியே ஆராய்ந்து பீ குழியங்களையே சுட்டியது. பிறபொருளெதிரியை ஆக்கும் பகைக்கலம் என்று கருதப்பட்டதே பொறைக்குச் சான்றாய் நின்றமை பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. உரைகல் கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர்.

ஆனால் ஒரு முரண் மறைந்திருந்தது. ஒரு சாரார் மருந்துண்பவர், மறுசாரார் உண்ணாதவர். கண்ட வேற்றுமை பொறையின் வேற்றுமையா, மருந்தின் வேற்றுமையா? அசதியோபிறினும் ஸ்ரெறொயிட்டும் இந்தப் பீ குழியங்களைத் தாமே குறைப்பன. 2016 இல் இலண்டன் ஆராய்ச்சியாளர், தம் பழைய முடிபையே மீளச் சோதித்து, கையொப்பத்தின் ஒரு பகுதி மருந்தின் சாயலே என்று வெளிப்படையாக எழுதினர். மருந்தின் சாயலைக் கழித்தபின் எஞ்சிய அடையாளங்களும் சில உண்டு. அவற்றை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அவை இன்னும் உறுதிப்படவில்லை. தம் முடிபைத் தாமே ஐயுற்று எழுதிய அப்பண்பை யாம் பெரிதும் மதிக்கின்றோம். எம் உயர்தர வகுப்பு மாணவர் விடைத்தாளைக் கொடுக்குமுன் ஒருமுறையேனும் மீளப் படிப்பாராயின்!

வகுப்பில் ஆசிரியர் இல்லாதபோது அமைதி காப்பவன் சட்டாம்பிள்ளை. உடலிலும் சட்டாம்பிள்ளைகள் உள்ளனர். ஏனைய ரீ குழியங்களை அடக்கி ஒழுங்கு செய்யும் குழியங்களை யப்பானியரான சக்ககுச்சி 1995 இல் இனங்கண்டார். அவற்றை ஆளும் பரம்பரையலகைப் பிறங்கோ, றாம்ஸ்டெல் என்னும் அமெரிக்கர் 2001 இல் கண்டனர். மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவற்றை வெளியே பெருக்கி நோயாளருக்கு மீள ஏற்றும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

மற்றொரு வழி, ஓவனின் கன்றுகளை மனிதரிற் படைக்க முயல்வது. பொஸ்ரன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், சிறுநீரகத்தோடு ஈந்தவரின் என்பு மச்சையையும் ஏற்றினர். 2008 இல் வெளியிட்ட முடிபின்படி ஐவருள் நால்வர் மருந்தனைத்தையும் நிறுத்த முடிந்தது. ஒருவர் அச்சிறுநீரகத்தை இழந்தார். இம்முறையில் ஈந்தவரின் கலங்கள் ஏற்றவர் குருதியிற் கலந்து நிற்கின்றனவா என்பதையே முதலிற் கண்காணிக்கின்றனர். எலும்பின் உள்ளீட்டையே முன்னர் ஒடுக்கும் கடுஞ் சிகிச்சை இதற்கு வேண்டுமாதலின், எல்லோர்க்கும் ஏற்றதன்று.

ஈரலோ இயல்பிலேயே பொறை மிக்க உறுப்பு. ஐரோப்பிய நிலையங்கள் சில, நெடுநாள் நலமாயிருந்த ஈரல் பெற்றோரைத் தெரிந்தெடுத்து, வைத்தியர் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தன. 2013 இல் வெளியான முடிபில் 98 பேருள் 41 பேர் மருந்தின்றி வாழ்ந்தனர். 57 பேருக்கு உடல் எதிர்த்தது. எதிர்த்தோருக்கும் மருந்தை மீளக் கொடுத்து ஈரலைக் காக்க முடிந்தது. பொருத்தி ஆண்டுகள் பல கடந்தோரிடத்தே பொறை மிகுந்து காணப்பட்டது. எம் மாணவர் கேள்வியுற்ற செய்தி பெரும்பாலும் இத்தகையோரைப் பற்றியதாயிருக்கலாம். ஈரலுக்குச் சொன்னதைச் சிறுநீரகத்துக்குக் கொள்ளுதல் ஆகாது.

இவ்வளவையும் அறிந்துகொண்ட பின்னர் அவரை மீண்டும் அழைத்தோம். அவருடைய சொந்த வினாவுக்கு அப்பொழுதுதான் விடை கூற முடிந்தது. "தம்பி, உம்முடைய உடல் அதைத் தன்னதென்று ஏற்றுவிட்டதா என்று கேட்டீர். ஏற்றிருக்கவும் கூடும், ஏற்காதிருக்கவும் கூடும். இரண்டுக்கும் வேறுபாடு காட்டும் உரைகல் இன்னும் கிடைக்கவில்லை, தேடுகின்றார்கள். அது கிடைக்குமுன் நிறுத்திப் பார்ப்பது பொன்னை உரைத்துப் பார்ப்பதன்று, கடலில் எறிந்து பார்ப்பது" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், கிளினிக்கில் வரிசையிலே தமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர், உடல் தேறிவிட்டதென்று எண்ணி நான்கு மாதம் மாத்திரையை விட்டு, இப்பொழுது வாரம் மூன்றுமுறை குருதிச் சுத்திகரிப்புக்கு வருவதைத் தாமாகவே சொன்னார். அம்முதியவருக்குச் சிறுநீரகம் ஈந்தவர் அவர் மனைவியாம். "அந்த அம்மா அவரை ஒருநாளும் ஏசவில்லை ஐயா. பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருப்பா" என்றார்.

அடுத்த சோதனை நாளைப் பற்றிக் கேட்டோம். மருந்தின் அளவைச் சரியாக அறிய வேண்டின் காலை மாத்திரையை உண்ணுமுன் குருதி எடுத்தல் வேண்டும். அதனால் முதல்நாள் இரவே அக்கா தொலைபேசியில் அழைத்து, "குருதி எடுத்த பிறகுதான் மாத்திரை, எடுத்த உடனே மாத்திரை, மறந்துவிடாதே" என்று சொல்லுவாராம். ஆறாண்டாக ஒருமுறையும் தவறவில்லையாம்.